அத்தியாயம் 6: எந்த வேலைக்கு எந்த வயர்

ஹெட்லைற் மங்கல் என்று ஒரு வண்டி கராச்சுக்கு வந்தால் முதலில் பல்ப் மாற்றப்படும். அதற்கும் சரிவராவிட்டால் பற்றரி மாற்றப்படும். வயரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது புகையவில்லை, உருகவில்லை, தொட்டுப் பார்த்தால் சுடவுமில்லை. ஆகவே வயர் நல்ல வயர் என்று முடிவாகிவிடுகிறது. ஒரு மோட்டார் சைக்கிளை முழுவதுமாகத் திருப்பி வயரிங் செய்யப்போகிறவர் முதலில் கைவிட வேண்டியது இந்த முடிவைத்தான். சுடாத வயரும் வெளிச்சத்தைத் தின்னும்.

முறிகண்டியில் ஏ9 வீதியை விட்டு அக்கராயன் பக்கம் இரவில் ஓடியவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. கடைவெளிச்சம் முடிந்ததும் இருட்டு. வீதியில் மாடு படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் பின்லைற் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி ஓரத்தில் நிற்கும், தாரில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருக்கும். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் 14 மீற்றர் போய்விடும். லைற் இன்னும் 14 மீற்றர் தூரம் எறிந்தால் ஓட்டுபவருக்கு ஒரு செக்கன் கூடக் கிடைக்கிறது. பிறேக் பிடிக்க அது போதும்.

வயர் எப்படி வெளிச்சத்தைத் தின்கிறது?

குளத்துத் துருசில் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போய்ச் சேராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் ஒடுங்கலாகவும் நீளமாகவும் இருந்தால் கடைசி வயல்காரர் இன்னும் குறைவாகத்தான் பெறுவார். பற்றரியில் 12 வோல்ற் இருந்தாலும் பல்ப்பின் காலில் அவ்வளவு இருக்காது. இடையில் எவ்வளவு தொலைகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் முன்கூட்டியே அறியலாம்:

வோல்ற் இழப்பு = அம்பியர் × வயரின் நீளம் (மீற்றர்) × 0.018 ÷ வயரின் தடிப்பு (சதுர மில்லிமீற்றர்)

0.018 என்பது சற்றே சூடேறிய செம்பின் தடைக்குரிய எண். நீளம் என்றால் போகும் வழி, திரும்பும் வழி இரண்டையும் சேர்த்த நீளம். திரும்பும் வழி சேசிஸ் வழியாகப் போகிறது என்றால் அந்தப் பகுதியைக் கணக்கில் விடலாம், ஆனால் சேசிஸில் ஏர்த் வயர் பூட்டியிருக்கும் நட்டு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். அம்பியர் தெரியாவிட்டால் பல்ப்பின் அடியில் எழுதியிருக்கும் வாற்றை 12 ஆல் பிரியுங்கள். 55 வாற் பல்ப் என்றால் 4.6 அம்பியர்.

இந்த 55 வாற் பல்ப்பையே எடுப்போம். மின் பற்றரியில் புறப்பட்டு, பியூஸ், இக்னிசன் சுவிற்ச், ஹாண்டிலில் உள்ள லைற் சுவிற்ச், டிம் சுவிற்ச் எல்லாம் ஏறி இறங்கி பல்ப்புக்குப் போய்த் திரும்புகிறது. மொத்தம் 4 மீற்றர் என்று வையுங்கள். 0.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 4.6 × 4 × 0.018 ÷ 0.5 = 0.66 வோல்ற். இதுவும் வயரில் மட்டுமே. பழைய சுவிற்ச்சுகளும் துருவேறிய இணைப்புகளும் இன்னொரு அரை வோல்ற்றை எடுக்கும். 1.1, 1.2 வோல்ற் போய்விட்டது.

12 இல் 1.2 போனால் பத்தில் ஒன்று, வெளிச்சமும் பத்தில் ஒன்றுதானே குறையும் என்று நினைப்பவர்கள் பலர். சூடேறி எரியும் இழை பல்ப்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. வோல்ற் சிறிது இறங்கினாலே வெளிச்சம் பலமடங்காக இறங்கும். வோல்ற்றில் பத்தில் ஒன்று போனால் வெளிச்சத்தில் நூற்றுக்கு 30 வரை போகும். அந்த 0.5 வயர் இத்தனைக்கும் சூடாகவே இல்லை. அதே வழிக்கு 2 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் வயரில் தொலைவது 0.17 வோல்ற் மட்டுமே.

ஹெட்லைற்றுக்கு வயரிலும் இணைப்பிலுமாக மொத்த இழப்பு 0.4 வோல்ற்றைத் தாண்டவிடாதீர்கள். மற்ற லைற்றுகளுக்கு 0.6 வரை பொறுக்கலாம். வயர் தெரிவில் நான் வைத்திருக்கும் வரம்பு இதுதான். "எத்தனை அம்பியர் தாங்கும்" என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

6 வோல்ற் வண்டிகள்

பழைய ஹொண்டா சி 50, சி 90, முற்கால எம்.டி. 90 ஆகியவற்றில் 6 வோல்ற் இருக்கும். வன்னியில் இந்த வண்டிகள் ஓடிய காலம் பெரியது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் இந்தப் பக்கம் வராமல் இருந்தபோது, ஸ்ராட் பண்ண மட்டும் சில சொட்டுப் பெற்றோல் விட்டு, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. வயரிங்கும் அப்படித்தான் நடந்தது. கையில் எது கிடைத்ததோ அது வண்டிக்குள் போனது. அந்தக் கைத்திறன் இல்லாவிட்டால் எத்தனையோ நோயாளிகள் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் 2002 இல் ஏ9 திறந்து, போரும் இடப்பெயர்வும் முடிந்து, மீள்குடியேற்றத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டிகளிலும் அன்றைய ஒட்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீண்டதால், ஓரமாக நின்ற வண்டிகளும் திரும்ப வீதிக்கு வந்தன. அப்படி ஒரு வண்டியை நீங்கள் பிரிக்கும்போது உருக்கு இழை கலந்த தொலைபேசி வயர்த் துண்டு அகப்பட்டால் உடனே எறியுங்கள். உருக்கு, செம்பை விடப் பலமடங்கு தடை உள்ளது.

6 வோல்ற்றில் கணக்கு இரட்டிப்பாகக் கடுமை. 25 வாற் பல்ப் 4.2 அம்பியர் இழுக்கும், அதாவது 12 வோல்ற் வண்டியின் 50 வாற் பல்ப் அளவுக்கு. இழப்பதற்கோ பாதி வோல்ற்தான் இருக்கிறது. அரை வோல்ற் போனாலே வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும். ஆகவே இந்த வண்டிகளின் ஹெட்லைற்றுக்கு 2 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயரை எடுக்கவே வேண்டாம். முடிந்தவர்கள் கொயிலும் ரெகுலேற்றரும் மாற்றி 12 வோல்ற்றுக்குப் போய்விடுவது நல்லது.

கடையில் வயர் வாங்குவது

"அண்ணை, வண்டிக்கு வயர் ரெண்டு மீற்றர் தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டிய சுருளை வெட்டித் தருவார். அளவைச் சொல்லிக் கேளுங்கள். வாகன வயர்ச் சுருளில் 14/0.30, 28/0.30 என்று எழுதியிருக்கும். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். 14/0.30 என்பது 1 சதுர மில்லிமீற்றர். சாதாரண மேலுறையோடு 8.75 அம்பியர் தாங்கும் என்று கொள்வார்கள். 28/0.30 என்பது 2 சதுர மில்லிமீற்றர், 17.5 அம்பியர். 44/0.30 என்பது 3 சதுர மில்லிமீற்றர். ஜப்பான் வண்டிகளின் வயர்கள் 0.5, 0.85, 1.25, 2, 3, 5, 8 என்று வேறு வரிசையில் போகும். இரண்டு வரிசையையும் கலந்து பாவிக்கலாம். தேவையான அளவு இல்லாவிட்டால் அடுத்த பெரிய அளவை எடுங்கள்.

சுருளில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் மேலுறையின் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலிவு வயரில் பிளாஸ்ரிக்தான் தடிப்பாக இருக்கும். நுனியைச் சீவி இழைகளை எண்ணுங்கள். ஓர் இழையைப் பிரித்து ஆணியில் நெருக்கமாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, அந்தப் பத்தின் அகலத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். 3 மில்லிமீற்றர் வந்தால் ஓர் இழை 0.30. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.785 ஆல் பெருக்கி, இழைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் தடிப்பு வந்துவிடும்.

அதே இழையைக் கத்தி நுனியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை உள்ளது, அதிர்வில் ஒடியும், மழையீரத்தில் இணைப்பு கெதியாக அரிக்கும். வெளியே வெள்ளையும் உள்ளே செம்பும் என்றால் பயப்பட வேண்டாம், அது ஈயம் பூசிய நல்ல செம்பு. லைற்றர் நெருப்பில் ஓர் இழையைப் பிடித்தாலும் தெரியும். செம்பு சிவந்து நிற்கும், அலுமினியம் தளர்ந்து விழும்.

வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டுகள் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் கிடக்கிறது. 1/1.13 என்ற வீட்டு லைற் வயர் 1 சதுர மில்லிமீற்றர் நல்ல செம்புதான். ஆனால் அது ஒரே தனிக்கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிளில், அதுவும் கிரவல் வீதியில், அது சில மாதங்களில் உள்ளே ஒடியும். மேலுறை முழுதாக இருப்பதால் ஒடிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. வண்டி சில நேரம் ஓடும், சில நேரம் நிற்கும். 7/0.67 க்கும் இதே குறை, ஏழு இழைகளும் தடித்த இழைகள். வண்டிக்கு வேண்டியது மெல்லிய பல இழைகள் கொண்ட வயர்.

ஒவ்வொரு வழியாக

பின்லைற், மீற்றர் லைற், நியூற்றல் லைற் எல்லாம் ஓர் அம்பியருக்குள். அரை சதுர மில்லிமீற்றர் தாராளம். பிறேக் லைற் 21 வாற், 1.75 அம்பியர். 4 மீற்றருக்கும் 0.5 வயரில் கால் வோல்ற்தான் போகும், அதுவும் போதும். சிக்னலுக்கு ஒரு பக்கத்தில் 10 வாற் இரண்டு, அதே கணக்கு. தொலைபேசி சார்ஜர் ஓர் அம்பியர் அளவு. இவை எல்லாவற்றுக்கும் 0.5 எடுத்து வேலையை முடியுங்கள். எலி கடித்தும் சீற் கழற்றும்போது இழுபட்டும் பின்பக்க வயர் அறுகிற வண்டிகளுக்கு மட்டும் 0.85 போடலாம். அது வோல்ற்றுக்காக அல்ல, இழுவைக்காக.

ஹோர்ன் ஒன்று 2 முதல் 3 அம்பியர் இழுக்கும். 1 சதுர மில்லிமீற்றர் சரி. இரட்டை ஹோர்ன் பூட்டுகிறவர்கள் 6 அம்பியரை ஹாண்டில் சுவிற்ச்சின் சின்னத் தகட்டுக்குள் அனுப்பக் கூடாது. றிலே போட வேண்டும்.

ஹெட்லைற்றுக்குள் போகுமுன் ஒன்றைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் போட்டு, லைற் சுவிற்ச்சைத் தட்டுங்கள். லைற் எரியவில்லையா, எஞ்சின் ஓடும்போது முறுக்க முறுக்கக் கூடி எரிகிறதா? அப்படியானால் அது பற்றரி லைற் அல்ல. சி.ரி. 100, பழைய ஸ்பிளென்டர் போன்ற வண்டிகளில் ஹெட்லைற்றுக்கு மக்னற் கொயிலிலிருந்து ஆடலோட்டம் நேரே வருகிறது. 35 வாற் பல்ப், 2.9 அம்பியர். 1 சதுர மில்லிமீற்றர் வயரும் தனி ஏர்த்தும் போட்டால் வயர் செய்யக்கூடியது அவ்வளவுதான். கொயில் கொடுக்காததை வயர் கொடுக்காது. இந்த வழியில் சாதாரண றிலேயைப் பூட்டினால் அது படபடவென்று அடிக்கும். 55 வாற் பல்ப்பைத் திணித்தால் ஐடிலில் இன்னும் மங்கும், ஹோல்டர் உருகும்.

பற்றரியில் எரியும் லைற் என்றால் என் பரிந்துரை ஒன்றுதான்: றிலே போடுங்கள். பற்றரியிலிருந்து 2 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ், ஹெட்லைற் கூட்டுக்குள் அல்லது அதற்குப் பின்னால் றிலே, அங்கிருந்து பல்ப்புக்கு ஒரு சாண் வயர். பல்ப்பின் ஏர்த்தும் 2 சதுர மில்லிமீற்றரில் திரும்பப் பற்றரிக்கே வரட்டும். பழைய லைற் சுவிற்ச் இனி றிலேயை மட்டும் இயக்கும். அதற்கு 0.15 அம்பியர் அளவே வேண்டும், ஆகவே அந்தப் பழைய மெல்லிய வயரும் தேய்ந்த சுவிற்ச்சும் இன்னும் பல வருடம் ஓடும். ஒரு றிலேக்கும் சில மீற்றர் வயருக்கும் ஆகும் செலவில் இதைவிட வெளிச்சம் தரும் வேறு வேலை இல்லை. விலை கூடிய பல்ப் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பற்றரியிலிருந்து இக்னிசன் சுவிற்ச்சுக்குப் போகும் தலைவயர் எல்லாவற்றையும் சுமப்பது. றிலே இல்லாத ஒரு 150 சீசீ வண்டிக்கு ஹெட்லைற் 4.6, பின்லைற்றும் மீற்றரும் 0.9, பிறேக் 1.75, சிக்னல் 1.7, ஹோர்ன் 2.5, இக்னிசன் 1 என்று கூட்டினால் 12.5 அம்பியர் அளவு வரும். எல்லாம் ஒரே நேரத்தில் எரிவது அரிது. ஆனாலும் இங்கே 2 சதுர மில்லிமீற்றர்தான். இந்த வயரில் தொலையும் ஒவ்வொரு புள்ளியும் எல்லா லைற்றிலும் தொலைகிறது. ரெகுலேற்றரிலிருந்து பற்றரிக்கு வரும் சார்ஜ் வயருக்கும் அதே அளவு. அங்கே அரை வோல்ற் போனால் பற்றரி ஒருநாளும் நிரம்பாது, பழி பற்றரிக்கடைக்குப் போகும்.

ஸ்ராட்டர் தனிக் கதை. சிறிய வண்டியின் ஸ்ராட்டர் மோட்டாரும் 80 அம்பியர் வரை இழுக்கக்கூடியது. 8 சதுர மில்லிமீற்றர் கேபிள் மொத்தம் ஒன்றரை மீற்றர் என்றால் 0.27 வோல்ற் போகும். 3 சதுர மில்லிமீற்றரில் அதுவே 0.72 ஆகும். பற்றரி ஏற்கெனவே 10 வோல்ற்றுக்கு இறங்கித் திணறும் நேரத்தில் அந்த வித்தியாசம்தான் எஞ்சினைச் சுழற்றும் அல்லது சுழற்றாமல் விடும். பற்றரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஏர்த் கேபிளும் அதே தடிப்பில் இருக்க வேண்டும். சிவப்புக் கேபிளைப் புதிதாகப் போட்டுவிட்டு ஏர்த்துக்கு மெல்லிய வயரைக் கட்டிய வண்டிகள் ஏராளம்.

பியூஸ்

பியூஸ் காப்பது லைற்றை அல்ல, வயரை. வயருக்கு ஏற்றபடிதான் அதன் எண் வரும். 2 சதுர மில்லிமீற்றருக்கு 15 அம்பியர், 1 சதுர மில்லிமீற்றருக்கு 7.5, 0.5 க்கு 5. தடித்த தலைவயரிலிருந்து மெல்லிய வயர் பிரிகிற இடத்தில் அந்த மெல்லியதற்கென்று தனிப் பியூஸ் வேண்டும். 15 அம்பியர் பியூஸுக்குப் பின்னால் பாதுகாப்பின்றித் தொங்கும் 0.5 வயர் ஏர்த்தில் தொட்டால், பியூஸ் போகுமுன் வயரின் மேலுறை உருகக்கூடும். அது ஓடுவது பெற்றோல் தாங்கிக்குக் கீழே. சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைத்த பியூஸைக் கண்டால் பேச்சுக்கு இடமில்லை, அதைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

எல்லாவற்றையும் தடிப்பாகப் போட்டால் என்ன?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி. முழு வண்டிக்கும் 28/0.30 போட்டவர்கள் உண்டு. ஹாண்டில் கழுத்தில் இருபது வயர் வளைந்து வளைந்து நிமிர வேண்டும். அவ்வளவும் தடித்தால் கட்டு விறைக்கும், ஹாண்டில் திரும்பும்போது சுவிற்ச் பக்கத்து இணைப்புகளை இழுக்கும். சிறிய ரேர்மினலுக்குள் தடித்த வயரை நுழைக்கச் சிலர் பாதி இழைகளை வெட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் 2 சதுர மில்லிமீற்றர் 1 ஆகிவிடுகிறது. ரேர்மினலை வயரின் தடிப்புக்கு ஏற்ப வாங்கி, அதற்குரிய குறட்டால் நசுக்குங்கள். ஈயம் வைத்தால் ஈயம் இழைக்குள் ஏறி விறைத்து, அது முடிகிற இடத்தில் ஒடியும். கட்டாயம் ஈயம் வைக்க வேண்டுமென்றால் அந்த இடம் அசையாதபடி கட்டுங்கள்.

ஒருபுறம் சைலன்சர் சூட்டையும் மறுபுறம் கட்டுக்குள் அடைபட்ட சூட்டையும் நினையுங்கள். பத்துப் பதினைந்து வயர் ஒன்றாக ரேப் சுற்றப்பட்டிருந்தால் சுருளில் எழுதிய அம்பியர் அளவு அங்கே செல்லாது, மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தையும் கைவிடாதீர்கள். ஹொண்டாவில் ஏர்த் பச்சை, பஜாஜில் கறுப்பில் மஞ்சள் கோடு. பழைய நிறத்திலேயே புது வயர் கிடைக்காவிட்டால் இரு நுனியிலும் நிற ரேப் சுற்றிவிடுங்கள். அடுத்ததாகத் திறப்பவர் உங்களை நன்றியோடு நினைப்பார்.

வேலை முடிந்ததும் அளவுங்கள்

மல்ரிமீற்றரை 20 வோல்ற் நேரோட்டத்தில் வையுங்கள். ஹெட்லைற்றை எரியவிடுங்கள், எரியாமல் அளந்தால் பயனில்லை. சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையைப் பல்ப் ஹோல்டரின் பிளஸ் காலிலும் வையுங்கள். மீற்றர் காட்டுவது போகும் வழியில் தொலைந்த வோல்ற். பிறகு ஹோல்டரின் ஏர்த் காலுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் அளவுங்கள். அது திரும்பும் வழி. இரண்டும் சேர்ந்து 0.4 க்குள் இருந்தால் வேலை சரி. கூடினால் வயரைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். சிவப்பு முனையைப் பற்றரியிலேயே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையைப் பியூஸின் முன்கால், பின்கால், றிலேயின் உள்வழி, வெளிவழி என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அந்த இணைப்பைக் கழற்றிச் சுரண்டி, நசுக்கி, மறுபடி அளவுங்கள். எண் எங்கும் குதிக்காமல் நீளத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் மட்டும், அந்த வயர் அந்த வேலைக்கு மெல்லியது, அடுத்த அளவை வாங்குங்கள்.